யாருக்கு யார் கடன்காரன்?

போன வருசம் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கு ஆபீசில் பாராட்டுக் கூட்டம் ஒன்று வைத்தார்கள். சால்வை, மாலை, மிக்சர், காபி எல்லாம் உண்டு. கூடவே முப்பது வருசம் வேலை பார்த்த ஒருத்தர் மைக்கைப் பிடித்தார். கெட்டவர் இல்லை. என் பிள்ளை கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அவர் பேசினார்: "சார் ரொம்பப் பின்தங்கின குடும்பத்துலேர்ந்து வந்தவரு. கவர்மெண்ட் ஹாஸ்டல்ல தங்கி, கவர்மெண்ட் ஸ்காலர்ஷிப்ல படிச்சி இந்த எடத்துக்கு வந்திருக்காரு. இந்தச் சமுதாயம் அவருக்கு எவ்வளவோ குடுத்திருக்கு. இனிமே அந்தக் கடன அவரு சமுதாயத்துக்குத் திருப்பிச் செய்யணும்னு கேட்டுக்கறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அப்படித்தான் நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

பஸ்சில் வரும்போதுதான் உறைத்தது. பேசினவரும் அரசுக் கல்லூரியில் படித்தவர்தான். அவர் அப்பாவும் அப்படித்தான். அவர் மகன் ஐஐடியில் படித்துவிட்டு கலிபோர்னியாவில் வீடு வாங்கிவிட்டான். மூன்று தலைமுறையாக அரசாங்கத்தின் மானியத்தில் படித்த குடும்பம். அவருக்கும் இதே ஹாலில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. "திறமையால் உயர்ந்தவர்" என்றார்கள். சமுதாயம் கொடுத்தது, கடன், திருப்பிச் செய்யணும் என்று ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. நானும் அந்த மேடையில் பேசினேன். எனக்கும் அது தோன்றவில்லை.

பொதுப்பணத்தில் பட்டம் வாங்கியவன் சமூகத்துக்குக் கடன்பட்டவனா, இல்லையா? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க நான் வரவில்லை. கடன் இருக்கிறது. ஆனால் கடன் என்று ஒருத்தன் பேச ஆரம்பித்தால் முதல் போட்டது யார், அனுபவித்தது யார், யாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். நமக்கு மட்டும் வட்டியோடு பேரேடு எழுதிவிட்டு மற்றவன் பக்கத்தைக் கிழித்துப்போடுகிற கணக்கை ஒத்துக்கொள்ள முடியாது.

1. முதல் போட்டது யார்?

1983இல் பி.ஏ. சேர்ந்தேன். திண்டிவனத்துப் பக்கம் எங்கள் சேரி. அங்கிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு நடவுக்குப் போனால் அஞ்சு ரூபா கூலி. அந்த அஞ்சு ரூபாயில் மண்ணெண்ணெய், தீப்பெட்டி, சோப்பு, வருசத்துக்கு ஒரு சீலை. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு வரி உள்ளே உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்கு அது தெரியாது. வரி கட்டுகிறவன் என்றால் வெள்ளைச் சட்டை போட்டவன் என்றுதான் அவளும் நினைத்தாள்.

அப்பா குடிப்பார். அப்போது சாராயக்கடை அரசாங்கத்து ஏலக்கடை. டாஸ்மாக் நிறுவனம் தொடங்கியதும் 1983இல்தான், நான் காலேஜ் சேர்ந்த அதே வருசம். 2003இலிருந்து சில்லறைக் கடையையும் அரசாங்கமே நடத்துகிறது. 2023-24இல் மட்டும் அதில் வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கடை வாசலில் சாயங்காலம் போய் நின்று பாருங்கள். மூட்டை தூக்கினவன், கொத்தனாருக்குச் சிமெண்டு கலந்து கொடுத்தவன், சாக்கடையில் இறங்கி ஏறினவன். தங்கள் ஈரலை விற்று இவர்கள் கட்டுகிற பணம் கஜானாவுக்குப் போகிறது. கஜானாவிலிருந்து பல்கலைக்கழகத்துக்கும் போகிறது. இதற்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாததால் இவன் வரி கட்டாதவன். வருமான வரிப் படிவம் நிரப்புகிறவன் மட்டும் "எங்க வரிப்பணத்துல படிக்கிறானுங்க" என்று பேசுவான்.

இது புதுக்கதையும் இல்லை. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்குக் கொண்டுவந்தார். அதில் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. குடித்தாலும் நம்மிடம் வசூல், குடிக்காவிட்டாலும் சாமான் விலையில் வசூல். 2017இல் வந்த ஜிஎஸ்டி வரைக்கும் இதே பாதைதான். சோப்பு வாங்குகிற கூலிக்காரியும் சோப்புக் கம்பெனி முதலாளியும் ஒரே சோப்புக்கு ஒரே வரி.

இன்னும் பின்னால் போவோம். 1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு ஜோதிராவ் புலே ஒரு மனு கொடுத்தார். அரசாங்கத்தின் வருமானத்தில் பெரும்பகுதி உழவர்களின் உழைப்பிலிருந்தும் வியர்வையிலிருந்தும் வருகிறது, அதை மேல்சாதிக்காரர்களின் உயர் கல்விக்குச் செலவு செய்கிறீர்கள், வரி கொடுப்பவன் பிள்ளைக்கு ஆரம்பப் பள்ளிக்கூடம்கூட இல்லை என்று அதில் வாதாடினார். மேலே இருப்பவனுக்குக் கற்றுக்கொடுத்தால் அறிவு சொட்டுச் சொட்டாகக் கீழே வடியும் என்பது மெக்காலே காலத்திலிருந்து வெள்ளைக்காரன் சொன்ன சமாதானம். புலே கேட்டது இதுதான்: படித்த உங்கள் மேல்சாதிக்காரர்கள் இத்தனை வருசத்தில் தங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கு என்ன செய்தார்கள்? நம்முடைய இன்றைய கேள்வியை அந்தத் தோட்டக்கார சாதிக்காரர் நூற்று நாற்பது வருசத்துக்கு முன்னாலேயே சரியான ஆளைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

நம் பக்கத்துக்கு வந்தால் கும்பகோணம். 1854இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கிப் பிறகு கல்லூரியானது. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெருமையாகச் சொல்வார்கள். காவிரிக் கரையில் கட்டடம். சுற்றிலும் தஞ்சாவூர் வயல். அந்த வயலில் உழுதது யார், அறுத்தது யார்? பண்ணையாள்கள். பள்ளரும் பறையரும். அந்த நெல்லிலிருந்துதான் நிலவரி. அந்த நெல்லிலிருந்துதான் மிராசுதார் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டுச் செலவும் புத்தகச் செலவும். பண்ணையாள் பிள்ளைக்கு எழுத்து வாசனையே இல்லாத காலத்தில் அவன் அறுத்த நெல்லில் வக்கீல்களும் நீதிபதிகளும் திவான்களும் உருவானார்கள். அதே மாவட்டத்தில் 1968இல், கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்ட காலத்தில், கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். யாருக்கு யார் கடன்காரன் என்று அந்தச் சாம்பலைக் கேட்க வேண்டும்.

2. அனுபவித்தது யார்?

நிறைய பேருக்குப் புரியாத ஒன்று இதில் இருக்கிறது. படித்தவர்களுக்கும் புரிவதில்லை.

ஸ்காலர்ஷிப் வேறு, மானியம் வேறு. அரசுக் கல்லூரியில் நீ கட்டுகிற ஃபீசில் அந்தக் கல்லூரியை நடத்த முடியாது. வாத்தியார் சம்பளம், கட்டடம், லைப்ரரி, லேப், கரண்டு பில் எல்லாம் பொதுப்பணம். அப்படிப் பார்த்தால் அங்கே உட்கார்ந்திருக்கிற எல்லா மாணவனும் பொதுப்பணத்தில்தான் படிக்கிறான். மிராசுதார் மகனும், டாக்டர் மகளும், என்னை மாதிரிக் கூலிக்காரி பிள்ளையும். எங்களுக்கு அதுக்கு மேலே ஒரு சின்னத் தொகை ஸ்காலர்ஷிப் என்று வரும்.

அந்தச் சின்னத் தொகைதான் எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதற்கு நோட்டீஸ் போர்டு உண்டு. அதில் பேர் போடுவார்கள், பேருக்குப் பக்கத்தில் சாதி போடுவார்கள். அதற்கு ஒரு கியூ உண்டு. நான் படித்த இடத்தில் கிளார்க் சத்தம் போடுவார்: "எஸ்சி ஸ்காலர்ஷிப் பசங்கள்லாம் தனியா நில்லுங்கடா." தனியாக நிற்போம். கிளாஸ் பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டே போகும். அந்தப் பணமும் பரீட்சை ஃபீஸ் கட்டுகிற தேதி முடிந்து மார்ச் மாசத்தில்தான் வரும். அம்மா பித்தளைக் குண்டானை அடகு வைத்துத்தான் நான் பரீட்சை எழுதினேன். குண்டான் மூழ்கிப்போச்சு. அந்தக் கல்லூரிக்கு என் அம்மா கொடுத்த நன்கொடை அது.

பெரிய மானியத்துக்குக் கியூ கிடையாது. நோட்டீஸ் போர்டு கிடையாது. யாரும் தனியாக நிற்க வேண்டாம். அதனால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. அதை அள்ளிக் குடித்தவன் தகுதியுள்ளவன். சொட்டுச் சொட்டாக வாங்கினவன் சலுகையில் வந்தவன்.

அந்தச் சொட்டும் யாரும் மனசு இரங்கி ஊற்றியது கிடையாது. உயர்நிலைப் பள்ளிக்கு மேலே படிக்கிற தலித் மாணவர்களுக்கான உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருந்த காலம் அது. கேட்டு, வாதாடி வாங்கியது.

சென்னை ஐஐடி தொடங்கியது 1959இல். ஐஐடிகளில் தலித், பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு வந்தது 1973இல். நடுவிலே பதினாலு வருசம். அந்தப் பதினாலு வருசமும் அந்தக் காட்டுக்குள் கட்டின கட்டடங்களில் பொதுப்பணம் யாருக்குப் போய்க்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள்? 2010ஆம் வருச ஐஐடி நுழைவுத் தேர்வில் முன்னால் வந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2023இல் வந்தது. முதல் ஆயிரம் பேரில் 36 சதம் பேர் வெளிநாடு போய்விட்டார்கள். முதல் நூறு பேரை எடுத்தால் 62 சதம்.

போகட்டும். வெளிநாடு போவதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். கொத்தடிமையாகவும் கூலியாகவும் கண்டி, பர்மா, மலேயா என்று கப்பல் ஏறின சனத்தின் வாரிசு நான். ஊரை விட்டு ஓடுவது சில பேருக்கு உயிர் பிழைக்கிற வழி. ஆனால் கணக்கென்று பேசினால் எல்லாருக்கும் பேச வேண்டும். அவன் அமெரிக்கா போனால் "மூளை வெளியேறுது, நாட்டுக்கு நஷ்டம், அங்கே போய் நம்ம பேரக் காப்பாத்துறான்" என்று மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் பேசுகிறார்கள். என் தங்கச்சி மகன் திருச்சியில் குமாஸ்தா ஆனால் "கவர்மெண்ட் காசு" என்கிறார்கள்.

இந்தக் கடன் பேச்சுக்கு இன்னொரு முகமும் உண்டு. பட்டதாரி சமூகத்துக்குக் கடன்பட்டவன், ஆகவே அவனே தன் படிப்புச் செலவைக் கட்டட்டும் என்கிறார்கள் பொருளாதார மேதைகள். 2016இல் ஐஐடிகளில் வருசக் கட்டணத்தை 90 ஆயிரத்திலிருந்து 2 லட்சமாக ஏற்றினார்கள். மூன்று தலைமுறை ஓசியில் படித்து முடித்துவிட்டு, நம் பிள்ளைகள் படியேறி வருகிற நேரம் பார்த்துத் தட்டு நீட்டுகிறார்கள். தலித், பழங்குடி மாணவர்களுக்கு அங்கே கட்டண விலக்கு உண்டு. உடனே அதைச் சொல்லிக் காட்டுவதற்கு ஆளும் உண்டு. விலக்கு கிடைக்காத தனியார் கல்லூரிகளுக்குப் போகிற நம் பிள்ளைகளுக்குப் பேங்க் லோன். அந்தக் கடன் நிசமான கடன். வட்டி உண்டு, நோட்டீஸ் உண்டு, வீட்டு வாசலில் வந்து நின்று கேட்கிற ஆளும் உண்டு.

3. திருப்பிக் கொடுக்க வந்தவனை என்ன செய்தார்கள்?

கடனைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பட்டதாரியின் கதையைச் சொல்கிறேன்.

1913இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் ஒரு இளைஞரை மேல்படிப்புக்கு அமெரிக்கா அனுப்பினார். மாசம் பதினொன்றரை பவுன் உதவித்தொகை, மூன்று வருசம். படித்து முடித்ததும் பரோடா சமஸ்தானத்தில் பத்து வருசம் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறினார். கொலம்பியாவில் படித்தார், லண்டனுக்குப் போனார், உதவித்தொகை முடிந்ததும் 1917இல் திரும்பி வந்தார். ஓடி ஒளியவில்லை. ஒப்பந்தப்படி நேராகப் பரோடாவுக்குப் போனார்.

அங்கே அவருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது. ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடியும் கையுமாகப் பார்சிகள் வந்து சூழ்ந்து சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு இந்து நண்பரைக் கேட்டார். நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். ஒரு கிறிஸ்தவ நண்பரைக் கேட்டார். அங்கும் நடக்கவில்லை. ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். பத்து வருசக் கடன் பதினோரு நாளில் இப்படி முடிந்தது.

அவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தன் நினைவுக் குறிப்பில் அம்பேத்கரே இதை எழுதி வைத்திருக்கிறார். படித்தவன் கடனை அடைக்க மறுத்தானா? அடைக்க வந்தவனுக்கு ஒரு ராத்திரி படுக்க இடம் கொடுக்க மறுத்தது யார்?

அதெல்லாம் அந்தக் காலம் என்பீர்கள். 2016 ஜனவரி 17 அந்தக் காலம் இல்லை. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவன் ரோகித் வெமுலா தூக்கில் தொங்கினான். அம்பேத்கர் மாணவர் சங்கத் தோழன். விடுதியை விட்டுத் துரத்தப்பட்டவன். கடைசியாக எழுதி வைத்த கடிதத்தில் அவன் ஒரு கணக்குச் சொன்னான். தனக்கு ஏழு மாச ஆய்வு உதவித்தொகை, ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம் ரூபாய், வர வேண்டியிருக்கிறது, அது என் குடும்பத்துக்குப் போய்ச் சேரும்படி பாருங்கள் என்றான். ஒரு நண்பனுக்கு நாற்பதாயிரம் தர வேண்டும், அவன் ஒருபோதும் கேட்டதில்லை, அதிலிருந்து கொடுத்துவிடுங்கள் என்றான்.

சாகப் போகிற நேரத்திலும் தான் கொடுக்க வேண்டிய கடனை மறக்காமல் எழுதி வைத்த பிள்ளை அவன். அவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருந்தது யார் என்று அந்தக் கடிதமே சொல்கிறது. இதற்குப் பிறகும் நம் முகத்தைப் பார்த்துச் "சமுதாயத்துக்குக் கடன்" என்று மைக்கில் பேசுகிறவனுக்கு வாய் கூச வேண்டாமா?

4. என் கணக்கு

இதுவரைக்கும் அவர்களைப் பற்றிப் பேசியாச்சு. கை தட்டுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது மேலே இருப்பதற்காக மட்டும் இல்லை.

நம் தோழர்கள் சில பேர் சொல்கிறார்கள்: "கல்வி உரிமை. உரிமைக்கு ஏது கடன்? நாம யாருக்கும் எதுவும் குடுக்க வேண்டியதில்ல." அரசாங்கத்தைப் பார்த்துச் சொன்னால் நூற்றுக்கு நூறு சரி. ஊர்க்காரனைப் பார்த்துச் சொன்னாலும் சரி. ஆனால் இதையே சேரியைப் பார்த்தும் சொல்கிறோமே, அங்கேதான் எனக்கு நெஞ்சு குத்துகிறது. நானும் அப்படிச் சொன்னவன்தான். வாயால் சொல்லவில்லை. செய்து காட்டினேன்.

1998. எனக்குப் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற உத்தியோகம். சென்னையில் வாடகை வீடு. வீட்டுக்காரரிடம் சாதி சொல்லவில்லை, அவராக ஒன்றை நினைத்துக்கொண்டார், நானும் மறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சின்னம்மாவும் அவள் மகளும் ஊரிலிருந்து வந்துவிட்டார்கள். தெருமுனைக் கடையிலிருந்து போன் பண்ணினார்கள். சின்னம்மா வெத்திலை போட்ட வாயோடு, மஞ்சப் பையோடு, செருப்பில்லாத காலோடு நிற்கிறாள். பாப்பா பிளஸ் டூவில் நல்ல மார்க். காலேஜ் சேர்க்க சர்டிபிகேட் ஜெராக்சுகளில் கெசட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டும். அதோடு, ஸ்காலர்ஷிப் பிள்ளைகள் முதலில் பணம் கட்ட வேண்டுமா வேண்டாமா என்று கூட வந்து ஆபீசில் கேட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். "நீதாம்ப்பா எங்களுக்கு இருக்கற ஒரே படிச்ச புள்ள" என்றாள்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் வீட்டுக்காரர் பார்ப்பார். சின்னம்மா பேச்சைக் கேட்டால் தெரிந்துபோகும். நான் அவர்களைத் தெருமுனையிலேயே நிறுத்தி, டீ வாங்கிக் கொடுத்தேன். "சீல் ஆபீஸ்ல இருக்கு சின்னம்மா, இன்னைக்கு லீவு" என்றேன். சீல் என் வீட்டு மேசையில் இருந்தது. ஐநூறு ரூபாய் எடுத்துச் சின்னம்மா கையில் வைத்தேன். பஸ் ஏற்றிவிட்டேன். அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுக்குப் புரிந்துவிட்டது.

அந்த வருசம் அது காலேஜில் சேரவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில், மூணு வருசம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆள் பிடிக்கிறவன் சொன்னதை நம்பிப் போய்விட்டது. மூணு வருசம் முடிவதற்குள் பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி இருமலோடு திரும்பி வந்தது. மொத்தப் பணம் வரவில்லை.

அவர்கள் என்னிடம் காசு கேட்கவில்லை. நாலு கையெழுத்தும் அரை நாளும் கேட்டார்கள். நான் என் கடனை ஐநூறு ரூபாய்க்கு முடித்துக்கொண்டேன். என்னைப் படிக்க வைக்க ஒரு சேரியே கூலி வேலை செய்தது. பரீட்சை நாளில் சின்னம்மாதான் எங்கள் வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணி தூக்கினாள். அவள் தூக்கின ஒரு குடத்துக்கு என்ன ரேட்டு?

1956இல் ஆக்ராவில் பேசும்போது, படித்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அம்பேத்கர் கலங்கினார் என்பதை நம் இயக்கங்கள் மேடைக்கு மேடை சொல்லி வருகின்றன. கேட்கும்போதெல்லாம் யாரோ ஒரு பெரிய அதிகாரியைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். அந்தத் தெருமுனையில் நின்றது நான்தான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் பயம். சாதி தெரிந்தால் வீடு போய்விடும் என்ற பயம் பொய்யில்லை. பரோடாவில் ஒருத்தரைத் துரத்தின அதே தடிதான் எனக்குச் சென்னையில் வாடகை ஒப்பந்தமாக வந்தது. நம்மைச் சேரியிலிருந்து பிரிக்கிற வேலையை இந்தச் சமூகம் இப்படித்தான் செய்கிறது. படிக்க இடம் கொடுக்கும், சம்பளம் கொடுக்கும், வாடகைக்கு வீடும் கொடுக்கும். பதிலுக்கு உன் சின்னம்மாவைத் தெருமுனையில் நிறுத்தச் சொல்லும். நான் அந்தப் பேரத்துக்கு ஒத்துக்கொண்டேன். அதற்குச் சமூகத்தைக் குற்றம் சொல்லலாம். ஆனால் சீலை மறைத்தது என் கை.

5. எப்படி அடைப்பது?

அம்பேத்கர் பிறந்தநாளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வதை நான் கடனடைப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அது மேல்சாதிக்காரன் செய்கிற தருமம். தருமம் கொடுக்கிறவன் உயர்ந்தவன், வாங்குகிறவன் தாழ்ந்தவன். நம் சனத்துக்கு முன்னால் நாம் அப்படி நிற்க முடியாது. அவர்கள் முதல் போட்டவர்கள்.

அதே நேரம், சம்பளம் வாங்கின முதல் மாசத்திலிருந்து அப்பா வைத்தியம், தங்கை கல்யாணம், தம்பி படிப்பு, கூரை வீட்டைக் கல்வீடு ஆக்குவது என்று ஓடுகிற பிள்ளையிடம் போய், "சமூகத்துக்கு என்ன செஞ்ச?" என்று இயக்கத்துக்காரர்கள் மிரட்டுவதும் சரியில்லை. அவன் ஏற்கெனவே கடனை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறான். மேல்சாதிப் பட்டதாரிக்கு முதல் சம்பளம் தொடக்கம். நம் பிள்ளைக்கு அது இருபது வருசப் பாக்கி.

அப்படியானால் எது? சேரிக்கு நம்மிடமிருந்து தேவைப்படுவது, காசு கொடுத்து வெளியே வாங்க முடியாத ஒன்று. ஆபீஸ் என்றால் என்ன, அங்கே எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், எந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும், கிளார்க் இல்லை என்று சொன்னால் எந்த அரசாணையைக் காட்டிப் பேச வேண்டும் என்கிற அறிவு. அதைத்தான் நாம் பட்டத்தோடு சேர்த்து வாங்கினோம். 2012இல் வந்த அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளிலும் தலித் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை அரசே தரும் என்றது. எத்தனை கல்லூரிகளில் அதை மறைத்துப் பெற்றோரிடம் பணம் வாங்கினார்கள் என்பதை நம் பகுதிகளில் கேட்டுப் பாருங்கள். கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். அரசாணையைப் படிக்கத் தெரிந்த ஒரு ஆள் அந்தத் தெருவில் இருந்திருந்தால் போதும்.

அரசு ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்குப் போய்ப் பாருங்கள். 2023இல் உயர்த்திய பிறகு, கல்லூரி மாணவருக்கு மாசச் சாப்பாட்டுப் படி 1500 ரூபாய். ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். மூணு வேளை. அந்த ஐம்பது ரூபாயாவது முழுசாகத் தட்டுக்கு வருகிறதா என்று வாரத்துக்கு ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்க்க, முன்னாள் விடுதி மாணவர்களாகிய நாம் எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறோம்! வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல வருகிறவனோடு கோர்ட்டு வாசல் வரைக்கும் நடந்து போக எத்தனை பேர் இருக்கிறோம்! அரசாங்கத்திடம் கெஞ்சுகிற பயனாளிகளாகப் போக வேண்டாம். முதல் போட்டவர்களின் சார்பில் கணக்குக் கேட்க வந்த ஆள்களாகப் போவோம்.

மேல்சாதிப் பட்டதாரிகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் எங்களுக்கு எதுவும் செய்ய வேண்டாம். உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யார் யார் எந்த அரசுக் கல்லூரியில் எவ்வளவு ஃபீஸ் கட்டிப் படித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதி, உங்கள் பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள். பிறகு தகுதி பற்றிப் பேசலாம்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். சின்னம்மா இல்லை, செத்துப் பத்து வருசம் ஆச்சு. தங்கச்சி இருக்கிறாள். இருமல் விடவில்லை. அவள் மகள் இப்போது பிளஸ் டூ. நான் 1998ஐப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். "இப்ப எதுக்குண்ணே அதெல்லாம்" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பெண் பிள்ளைதான் ஒரு நோட்டைக் கொண்டுவந்து, "பெரிமாமா, உங்க அட்ரஸ எழுதிக் குடுங்க" என்றது.

வீட்டு நம்பர், தெரு, பஸ் ஸ்டாப்பில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது வரைக்கும் எழுதிக் கொடுத்தேன். இந்த இதழைப் படிக்கிற, பட்டம் வாங்கிய ஒவ்வொரு தோழருக்கும் தோழிக்கும் சொல்கிறேன். இந்த வாரமே ஊருக்குப் போங்கள். காலனியில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உங்கள் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தப் பிள்ளை வந்து கதவைத் தட்டும்போது, பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கட்டும் என்று நன்றாகத் திறந்து வையுங்கள்.